அச்சத்துக்கு உன் இடத்தைக் கொடுக்காதே!

மண்டகப்பட்டுப் பெண்ணே, பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இன்ஜினியரிங் சேரலாமா, வேண்டாமா?" என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன்.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கும் உன் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று முதலில் தெரிந்துகொள். தமிழ்நாட்டுக் கட்டடக்கலை வரலாற்றைச் சொல்லும் எந்தப் புத்தகமும் உன் ஊர்ப் பெயரைத் தவிர்க்க முடியாது. ஊரை ஒட்டிய பாறைக் குன்றில் இருபுறமும் வாயிற்காவலர் நிற்க, நடுவில் தூண்கள் தாங்க, ஒரு குடைவரை இருக்கிறது. 1400 ஆண்டுகளுக்கு முன் பல்லவன் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது. விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரோடு அவன் அங்கே பொறித்து வைத்த கல்வெட்டு பக்திப் பாட்டு இல்லை. அது ஒரு பொறியாளனின் அறிக்கை. செங்கல் கிடையாது, மரம் கிடையாது, உலோகம் கிடையாது, சுதை கிடையாது. இவை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்திருக்கிறேன் என்று அது சொல்கிறது.

அந்தக் காலத்தில் கோயில் என்றாலே இந்த நான்கு பொருள்தான். இவற்றை எடுத்துவிட்டால் கட்டடம் எப்படி நிற்கும் என்று ஊரே கேட்டிருக்கும். அவன் கட்டுவதை நிறுத்தவில்லை. கட்டும் முறையை மாற்றினான். வெளியிலிருந்து பொருளைக் கொண்டுவந்து அடுக்குவதை விட்டுவிட்டு, பாறைக்குள்ளேயே கோயிலைத் தேடி எடுத்தான். நூறு முறை அதன் பக்கமாக நடந்து போயிருப்பாய். இனிமேல் போகும்போது நின்று பார். பொறியியல் என்பது உனக்கு அந்நியமான ஊரின் சரக்கு இல்லை. அது உன் ஊர்ப் பாறையில் எழுதியிருக்கிறது.

இன்று உன் வீட்டில் சொல்லப்படும் "இல்லை" வேறு. "பாதுகாப்பு இல்லை." அப்பா சொல்கிறார். அம்மா தலையாட்டுகிறார். "பொம்பளப்புள்ளைய அவ்வளவு தூரம் ஹாஸ்டல்ல விட்டுட்டு நாங்க எப்படித் தூங்கறது? காலம் கெட்டுக் கிடக்கு. பக்கத்துல ஏதாவது டிகிரி படி, பி.எட். முடி, போதும்" என்கிறார்கள். அவர்கள் உன் பகைவர்கள் இல்லை. செய்தித்தாள் படிக்கிறார்கள், தொலைக்காட்சி பார்க்கிறார்கள், பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஏனென்றால் அது பொய்ப் பயம் இல்லை.

நடந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன். 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் இரவு வேலை முடித்து வெளியே வந்த இளம் மென்பொருள் பொறியாளர் வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. 2016 ஜூன் 24 காலையில், நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த 24 வயது மென்பொருள் பொறியாளர், பயணிகள் பலர் நின்றிருக்க வெட்டிக் கொல்லப்பட்டார். மாநிலத் தலைநகரின் நடுவில் இருந்த அந்த நிலையத்தில் அன்று ஒரு கண்காணிப்புக் கேமராகூட இல்லை. 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு பொறியியல் மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் கனவு காணும் வளாகம் அது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் உன்னிடம் சொல்கிறேன்: போ, படி.

கண்ணை மூடிக்கொண்டு தைரியமாக இரு என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் உன் உயிரை வைத்துப் பேச்சுப் போட்டி நடத்துகிறவர்கள். நான் சொல்வது இதுதான்: வன்முறை செய்தவன் ஒருவன். அதற்கு விலையாகத் தன் படிப்பையும் வேலையையும் எடுத்துக் கொடுக்க வேண்டியவள் நீ என்று எந்த நியாயமும் சொல்லவில்லை. அவன் ஒரு பெண்ணைத்தான் தாக்கினான். அந்தச் செய்தியைக் கேட்டு ஆயிரம் பெண்கள் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டால், அவன் கை அந்த ஆயிரம் வீட்டுக்குள்ளும் நீண்டுவிட்டது என்று அர்த்தம். அந்த வெற்றியை அவனுக்கு யார் கொடுத்தது? நாம்தான்.

கிண்டி மாணவி என்ன செய்தார் என்று பார். வாயை மூடிக்கொள்ளவில்லை. புகார் கொடுத்தார். அவர் புகாரின் மீது பதிவான முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, அடையாளமே வெளிப்படும் கொடுமை நேர்ந்தது. அப்போதும் பின்வாங்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. கட்டணம் வாங்காமல் அவர் படிப்பைத் தொடரச் செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்குச் சொன்னது. 2025 ஜூன் 2 அன்று, குற்றம் நடந்த அரை ஆண்டுக்குள், சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 30 ஆண்டுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும் என்றது. சட்டத்தை நகர்த்தியது அந்தப் பெண்ணின் வாக்குமூலம். பெயர் தெரியாத அந்தத் தங்கையைத்தான் இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும் தலைவணங்கி நினைக்க வேண்டும்.

"அதனால்தான் வீட்டிலேயே இருக்கச் சொல்கிறோம்" என்கிறார்களா? வீடு பாதுகாப்பான இடம் என்பது நாம் நம்ப விரும்பும் கதை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையைப் புரட்டினால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன். 2016இல் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவன் வைத்த தீயில் ஒரு பள்ளி மாணவி உயிரிழந்தாள். அவள் எந்தத் தூர தேசத்துக் கல்லூரிக்கும் போகவில்லை. படிப்பை நிறுத்தி, பதினெட்டு முடிந்ததும் கல்யாணம் பண்ணிக் கொடுப்பதன் பெயர் பாதுகாப்பு என்றால், அந்த 38 சதவீதம் யார் வீட்டுப் பிள்ளைகள்?

இன்னொன்றையும் கேட்கிறேன். உன் ஊரிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் விடியற்காலையில் கட்டட வேலைக்குப் போகும் பெண்களைப் பார்த்திருப்பாய். சித்தாள். தலையில் சும்மாடு, அதன் மேல் கலவைச் சட்டி, மூன்றாவது மாடிக்குச் சாரத்தில் ஏறுகிறார்கள். மேஸ்திரியும் கொத்தனாரும் ஆண்கள். திரும்பி வர இருட்டிவிடும். அந்தச் சைட்டில் அவளுக்குக் கழிப்பறை உண்டா, பாதுகாப்பு உண்டா என்று ஊரில் எவரும் கேட்டதில்லை. கூலி வேண்டும், போகிறாள். அதே சைட்டுக்கு அவள் மகள் தலையில் கவசம் மாட்டிக்கொண்டு, கையில் வரைபடத்தோடு, சிவில் இன்ஜினியராகப் போகிறேன் என்றால் மட்டும் "அங்கெல்லாம் ஆம்பளைங்க இருப்பாங்க, பொண்ணுக்குச் சரிப்படாது" என்கிறோம். கல் சுமக்கப் பெண் போகலாம். கல்லை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் போகக் கூடாதாம். இது பாதுகாப்புக் கவலை இல்லை, தங்கையே. அதிகாரம் கை மாறிவிடக் கூடாது என்ற கவலை. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். பெண் இன்ஜினியர் அதிகாரத்தோடு நிற்கும் சைட்டில்தான் சித்தாள் பெண்ணுக்குக் கழிப்பறையும் கிடைக்கும், கௌரவமும் கிடைக்கும்.

செஞ்சிக்கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பாய். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் காலக் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட 12இல் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். அங்கே உனக்குச் சொல்லப்பட்ட பெண் கதை எது? 1714இல் ராஜா தேசிங்கு போர்க்களத்தில் விழுந்ததும், அவனுடைய இளம் மனைவி சிதையேறினாள் என்ற கதை. அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற ஊரே வந்தது என்பார்கள். அந்தப் பெண்ணுக்காக என் மனம் வேகிறது. ஆனால் இந்த மண்ணின் பெண்ணுக்கு முன்மாதிரியாக அந்தக் கதை ஒன்று போதும் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். கணவன் போனபின் வாழ்வு முடிந்தது என்று நெருப்புக்குள் போனவளின் கதைக்குப் பக்கத்தில், கணவன் போனபின் கல்லூரிக்குள் போனவளின் கதையையும் வைக்கிறேன். கேள்.

பெயர் லலிதா. 1919இல் சென்னையில் பிறந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் விதவை. கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. 1937இல் ஒரு பிராமண விதவை எப்படி வாழ வேண்டும் என்று ஊர் விதித்திருந்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவர் மீண்டும் புத்தகத்தை எடுத்தார். ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். அடுத்து மருத்துவமா? இரவு பகல் பார்க்காமல் கூப்பிட்டால் ஓட வேண்டிய வேலை. குழந்தையை வைத்துக்கொண்டு முடியாது. குறித்த நேரத்துக்கு வீடு திரும்பக்கூடிய வேலை வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்தது மின் பொறியியல்! அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடமும் பொதுக்கல்வி இயக்குநரிடமும் மகளுக்காகப் போய் நின்றார். கதவு திறந்தது. ஆண்கள் மட்டுமே படித்த அந்த வளாகத்துக்குள் ஒரே ஒரு பெண் நடந்து போனார். பிறகு சிவில் பிரிவில் லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இரண்டு கேரளப் பெண்கள் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழ்களை ஆணைக் குறிக்கும் சொல்லோடுதான் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண் என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அடித்து எழுதப்பட்ட அந்தச் சான்றிதழோடு புறப்பட்டவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி எடுத்தார். கல்கத்தாவில் மின் கருவி நிறுவனத்தில் பல்லாண்டுகள் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணையின் மின் ஆக்கிகள் தொடர்பான பணியில் அவர் கை இருந்தது. 1964இல் நியூயார்க்கில் முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானியர் மாநாடு நடந்தபோது அங்கே போய் அமர்ந்தார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்.

கவனித்தாயா? லலிதா நுழைந்த கல்லூரிதான் இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். 2024 டிசம்பரில் அந்தக் கொடுமை நடந்ததும் அங்கேதான். ஒரே வளாகத்துக்கு இரண்டு வரலாறு. எது அந்த இடத்தின் அடையாளமாக நிற்கப் போகிறது என்பதை அந்தக் குற்றவாளி முடிவு செய்யக் கூடாது. இனி அங்கே நுழையப் போகும் பெண்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடல் கடந்து ஒரு சாட்சி சொல்கிறேன். 1989 டிசம்பர் 6, கனடாவின் மாண்ட்ரியால் நகரம். எக்கோல் பாலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். ஒரு வகுப்பறையில் ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு ஒன்பது பெண்களை நிறுத்தி வைத்தான். பெண்ணியவாதிகளை வெறுக்கிறேன் என்றான். நத்தாலி புரோவோ என்ற 23 வயது மாணவி அவனோடு பேசிப் பார்த்தார். நாங்கள் பொறியியல் படிக்கும் சாதாரணப் பெண்கள் என்றார். சுட்டான். அன்று அந்தக் கல்லூரியில் 14 பெண்கள் இறந்தார்கள். 12 பேர் பொறியியல் மாணவிகள். நத்தாலியின் உடலில் நான்கு குண்டுகள் பாய்ந்தன. பிழைத்தார். சில நாளில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே செய்தியாளர்களிடம் பேசினார். என்ன பேசினார் தெரியுமா? பொறியாளராக வேண்டும் என்ற எண்ணம் உள்ள பெண்கள் யாரும் அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். காயம் ஆறவில்லை, தோழிகளை இழந்த துயரம் தணியவில்லை, அதற்குள் இப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சொன்னதோடு நிற்காமல் படித்து முடித்துப் பொறியாளரானார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடினார். 2025இல் கனடா நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் கல்லூரி இன்று, கொல்லப்பட்டவர்கள் நினைவாக வெள்ளை ரோஜா என்ற பெயரில், பொறியியலில் மேற்படிப்புப் படிக்கும் பெண்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுக்கிறது. பெண்களைப் பொறியியலிலிருந்து விரட்டத்தான் அவன் வந்தான். அவன் தோற்றான். தோற்கடித்தவர்கள் அதன்பின் சேர்ந்த பெண்கள்.

இப்போது, எப்படிப் போவது என்று பேசுவோம். நெஞ்சுரம் மட்டும் போதாது. பொறியாளர் காற்றைக் கண்டு பாலம் கட்டாமல் இருப்பதில்லை. காற்று எவ்வளவு வேகமாக அடிக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கும் மேலே தாங்கும்படி கட்டுகிறார். உன் பாதுகாப்பையும் அப்படித்தான் அணுக வேண்டும், மற்றவர்களையும் அப்படி அணுகச் செய்ய வேண்டும்.

நம் நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை பார்க்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பெண்களின் நன்மைக்காகத்தான் என்றார்கள். அந்த நன்மை அவர்களின் வேலையையும் கூலியையும் பறித்தது. வழக்குப் போட்டார்கள். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. கூடவே நிர்வாகங்களுக்கு நிபந்தனை விதித்தது: போக்குவரத்து கொடு, குழுவாக வேலைக்கு வை, ஓய்வறை கொடு, காவல் போடு. பெண்ணை வீட்டில் பூட்டாதே, வேலையிடத்தைப் பத்திரமாக்கு என்பதுதான் அதன் சாரம். என் கட்டுரையின் சாரமும் அதுவேதான். இன்று இந்தியாவில் தொழிற்சாலை வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஷிஃப்ட் பேருந்தில் ஏறி இறங்கும் அத்தனை பெண்களும் அச்சமே அறியாதவர்களா? அவர்கள் அச்சத்தை ஜன்னலோர இருக்கையில் உட்காரவைக்காதவர்கள், அவ்வளவுதான்.

உன் கையில் உள்ளதைச் சொல்கிறேன், மனதில் குறித்துக்கொள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை குறித்து விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமாக இருந்தால் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கல்லூரிகளுக்கு 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு தனி விதிமுறையே கொண்டுவந்தது. அதன்படி கல்லூரிக் குழுவில் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழு யார், எங்கே இருக்கிறார்கள் என்று கேள். பெயர்ப்பலகை இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேள். கேட்கும் பெண் இருக்கும் கல்லூரியில் குழு காகிதத்தில் மட்டும் இருக்க முடியாது.

வேண்டாம் என்று சொன்ன பின்னும் பின்னாலேயே வருவது காதல் இல்லை, குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. பின்னால் சுற்றிச் சுற்றி வந்தால் கடைசி ரீலில் அவள் மனம் மாறுவாள் என்று நம் சினிமா பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த பாடம் எத்தனை பெண்களின் ரத்தத்தில் முடிந்தது என்று நினைத்தால் எனக்குக் கொதிக்கிறது. ஒருவன் தொல்லை கொடுக்கத் தொடங்கினால் முதல் நாளே வீட்டில் சொல், தோழிகளிடம் சொல், எழுத்தில் பதிவு செய். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் உன் புகாரை வாங்க வேண்டும். 181 பெண்கள் உதவி எண். அவசரத்துக்கு 112. இணையத்தில் படத்தை வைத்து மிரட்டினால் 1930. மிரட்டுகிறவன் நம்பியிருப்பது உன் மௌனத்தை மட்டும்தான்.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வார்த்தை. மகள் முதன்முதலாக "ஒருத்தன் தொல்லை பண்றான்" என்று சொல்லும் நாளில் நீங்கள் சொல்லும் பதில்தான் அவளுடைய உண்மையான காவல். "நாளையிலிருந்து நீ போக வேண்டாம்" என்றீர்களானால், இனி எது நடந்தாலும் அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள். சொன்னால் படிப்பு போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "நீ போ, அவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். 1930களின் இறுதியில், விதவை மகளை அழைத்துக்கொண்டு கல்லூரிக் கதவைத் தட்டிய பேராசிரியர் பப்பு சுப்பாராவுக்கு இருந்த துணிச்சல் இன்று உங்களுக்கு இல்லையா?

பணம் பற்றிய கவலை என்றால், அதற்கும் வழி திறந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் சட்டமாகவே இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நீ அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்; தேர்வானால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சலுகை தனி. தூரம்தான் கவலையா? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளே இருக்கின்றன. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலை கிடைத்துக் கூடுவாஞ்சேரி பக்கமோ வேறு நகரத்துக்கோ போனால் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. பிளஸ் டூவில் கட்-ஆஃப் குறைந்துவிட்டதா? பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர்தான். அவர் தொடங்கியது டிப்ளமோவில்.

"அவர் ஆண்பிள்ளை" என்று சொல்வார்கள் என எனக்குத் தெரியும். சரி, செங்கோட்டைக்கு வா. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் நிகர் ஷாஜி. திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தார், 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2இல் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1இன் திட்ட இயக்குநர் அவர். அரியலூரில் பிறந்த வளர்மதி கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, 2012இல் விண்ணுக்குப் போன ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் ஆனார். சென்னை கிண்டிக் கல்லூரியின் வனிதா சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர். இவர்கள் யாரும் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. உன்னைப் போலவே ஏதோ ஒரு வாசலில், ஏதோ ஓர் உறவினர் "இதெல்லாம் பொம்பளைக்கு எதுக்கு?" என்று கேட்டிருக்கக்கூடிய தலைமுறையில் வளர்ந்தவர்கள்.

பாறை உனக்குப் பிடித்த பொருள் என்றால் மாதவி லதாவைப் படி. ஆந்திர கிராமத்து விவசாயக் குடும்பம், சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர். காஷ்மீரில் செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் ரயில் பாலம் கட்டியபோது, உடைந்தும் பிளந்தும் கிடந்த மலைச்சரிவு அதைத் தாங்குமா என்பதுதான் பெரிய கேள்வி. பாறையின் பிளவுகளைப் படித்து, எங்கே ஊசி போல் கம்பி இறக்க வேண்டும், எங்கே அடித்தளத்தை இடம் மாற்ற வேண்டும் என்று 17 ஆண்டுகள் ஆலோசனை சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். 2025 ஜூனில் பாலம் திறக்கப்பட்டு நாடே கொண்டாடியபோது, இது ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு, என்னை மட்டும் புகழாதீர்கள் என்றார். அந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருத்தியாக நீ ஏன் இருக்கக் கூடாது?

அண்ணன் தம்பிகளே, உங்களை விட்டுவிட்டுப் போக மாட்டேன். நுங்கம்பாக்கம் நடைமேடையில் நின்றிருந்தவர்களில் ஒருவராவது ஓடி வந்திருந்தால் என்ற கேள்வி இன்னும் என்னை வாட்டுகிறது. நண்பன் ஒருத்தியின் பின்னால் சுற்றும்போது சிரித்துக்கொண்டு கூடவே போகாதீர்கள். நிறுத்துங்கள். வகுப்பில் இருக்கும் மூன்று பெண்களும் லேபுக்கும் நூலகத்துக்கும் தயங்காமல் போய்வரும் கல்லூரிதான் நீங்களும் பெருமைப்படக்கூடிய கல்லூரி. கல்லூரி நிர்வாகங்களே, இருட்டில் கிடக்கும் வளாகப் பாதைக்கு விளக்குப் போடுவதை விட்டுவிட்டு, மாணவிகளை மாலை ஆறு மணிக்கே விடுதியில் அடைக்காதீர்கள். பையன்களுக்கு இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் நூலகம், பெண்களுக்கு மட்டும் ஆறு மணிக்கு மூடிவிடுகிறது என்றால் அவர்கள் எப்படிச் சமமாகப் போட்டியிடுவார்கள்?

தங்கையே, மே மாதம் பொறியியல் கலந்தாய்வுக்கு இணையத்தில் பதிவு தொடங்கும். வீட்டில் கணினி இல்லையென்றால் சேவை மையத்துக்குப் போ. அங்கே உதவி செய்வார்கள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வை. விருப்பப் பட்டியலில் சிவில் போடலாமா, மெக்கானிக்கல் போடலாமா என்று யாரும் முகம் சுளித்தால் கவலைப்படாதே. உனக்குப் பிடித்ததை முதலில் போடு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், உன் வகுப்புத் தோழிகளில் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். கிண்டியிலும் அப்படித்தான் ஒருத்தி மூவர் ஆனார்கள். பதிவின் கடைசி நாள் வரை காத்திருக்காதே. முதல் நாளே போய் உன் பெயரைப் போடு.